அவசரமே அறியாதவள்

மரக்காணம் உப்பளத்தில் எழுத்து முகாம். சென்னையில் ஓடிக் களைத்த கம்பெனி அதிகாரிகள், வரப்பில் கிடந்த நீலத் தார்ப்பாயை விரித்து அமர்ந்தார்கள்.

"ஓடினது போதும். மேகத்தைப் பாருங்க, நிதானமா எழுதுங்க" என்றார் பயிற்சியாளர் சித்தார்த்தன்.

அந்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மலர்கொடி வேகமாக வந்தாள்.

"சார், அந்த..."

சித்தார்த்தன் உதட்டில் விரல் வைத்தார். "எதுக்கும்மா அவசரம்? இங்க யாரும் பேசக்கூடாது. நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தாள். வானத்தையே பார்த்தாள்.

"இவங்கதான் இன்னைக்கு நமக்கு குரு" என்று கிசுகிசுத்தார் சித்தார்த்தன்.

எல்லோரும் அவளைப் பற்றியே எழுதினார்கள். அதிகாரிகளில் ஒருத்தியான சத்யப்ரியா கண்கலங்க வாசித்தாள்: "அவசரமே அறியாதவள், வானத்தோடு பேசுகிறாள்."

கைதட்டல் அடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"யாரும் எழுந்திரிக்காதீங்க, நனைஞ்சு அனுபவிங்க" என்ற சித்தார்த்தன், மலர்கொடியிடம் திரும்பினார். "மழையைப் பத்தி நீங்களும் ஒரு வரி சொல்லுங்களேன்."

"நீங்க உக்காந்திருக்கறது என் உப்புக் குவியல மூடுற தார்ப்பாய். அவசரமில்ல சார், நிதானமாவே எழுந்திருங்க. குவியல்தான் கரைஞ்சி கடலுக்குப் போவுதே."