ஒரு வாய்ப் பால்

பக்கத்துக் கட்டில்காரியின் பிள்ளையை ஜாய் தூக்கிவந்து முத்துசெல்வியின் மடியில் கிடத்திவிட்டாள்.

சம்மதம் கேட்கவில்லை. எவள் மாட்டேன் என்பாள்?

"எக்கா, ஒரு வாய் கொடுங்கக்கா. விடிஞ்சதுல இருந்து அழுது அழுது தொண்டை கட்டிட்டு."

பிள்ளையைப் பெற்ற ஜெனி, ஜாயின் அண்ணன் பெண்டாட்டி. விடியக்காலம் பிரசவமாகியும் ரத்தம் நிற்கவில்லை என்று ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பால்பவுடர் எடுத்துவரப் போன சிஸ்டரை இன்னும் காணோம்.

பிள்ளை அதற்குள் மோப்பம் பிடித்து, முத்துசெல்வியின் ஜாக்கெட்டில் வாயை வைத்துத் தேடியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையாலும் பிள்ளையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், எடுத்துக்கோ" என்றாள்.

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் உலகம்மைக்கு மானம் போயிற்று. வீரகேரளம்புதூரில் அவள் ஆடு வளர்க்கிறவள். தாயில்லாக் குட்டியை இன்னொரு ஆட்டின் மடியில் விட்டுப் பழகிய கை.

"கொடேன்ட்டி. உனக்குத்தான் ஒழுகுதே" என்றாள்.

ஒழுகத்தான் செய்தது. அழுகை கேட்கக் கேட்க ஜாக்கெட் நனைந்தது. உடம்புக்கு என்ன தெரியும், பாவம். முத்துசெல்வி முடியாதென்று தலையை ஆட்டினாள்.

வேறென்ன செய்வாள்? அவள் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது. கர்ப்பமானபோது எடுத்த பரிசோதனையில் தெரிந்தது. புருஷன் நம்பிராஜனையும் ஆஸ்பத்திரிக்காரர்களையும் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் மாமியார் பேரப்பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள் என்பது அவள் பயம்.

மாத்திரை விடாமல் சாப்பிடுவதால் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காவலுக்குப் பிள்ளைக்கும் தினம் வெள்ளைச் சொட்டு மருந்து. வார்டில் மற்ற பிள்ளைகளுக்கு அது கிடையாது. என்ன மருந்து என்று மாமியார் கேட்டபோது, சிஸ்டர் கண்ணை இமைக்காமல் வைட்டமின் என்றுவிட்டார்.

இந்தப் பிள்ளைக்கு அந்தக் காவல் ஏது? ஊரான் பிள்ளையைப் பாழாக்கவா?

ஜாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். குற்றாலத்தில் அருவிச் சத்தத்துக்கு மேலே கூவி வியாபாரம் பண்ணுகிறவள், தொண்டைக்குக் கேட்கவா வேண்டும். சாதி பார்க்கிறாள் என்றாள். ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளை என்று இளக்காரம் என்றாள். கடைசியில், "இனி எம் பிள்ளையைத் தொட்டுராத" என்றாள்.

இத்தனை மாசமும் முத்துசெல்வி பயந்துகொண்டிருந்த வார்த்தை அது. வேறு காரணத்துக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டாள். மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிஸ்டர் கரைத்த பாலும் ஊட்டுகிற பாலாடையுமாக ஓடிவந்தார். பாலை ஊட்டுவதற்கு முன்னால், சட்டைப் பையிலிருந்து ஊசியில்லாத சின்ன சிரிஞ்சை எடுத்துப் பிள்ளையின் கடைவாயில் விட்டார்.

வெள்ளைச் சொட்டு.

முத்துசெல்வியின் பிள்ளைக்குக் கொடுக்கிற அதே மருந்து.

பக்கத்தில் காலிக் கட்டில். ஜெனியின் மல்லிகைப்பூப் போட்ட துண்டு அப்படியே மடித்துக் கிடந்தது. நேற்றெல்லாம் வாய் ஓயாமல் பேசினாள். புருஷன், நாத்தனார், மாமியார் என்று ஒன்று பாக்கியில்லை. இதை மட்டும் சொல்லவில்லை, பாவி மகள். இவள் மட்டும் சொன்னாளா?

என்ன மருந்து என்று ஜாய் கேட்டாள். சிஸ்டர் வைட்டமின் என்றார்.

ஜாய் லேசில் விடுகிற ஆள் இல்லை. காலையிலிருந்து பார்க்கிறேன், வேறு எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லையே, இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன கேடு என்று குரலை உயர்த்தினாள். சிஸ்டர் சிரிஞ்சை அவசரமாகப் பைக்குள் போட்டார். வார்டு மறுபடியும் திரும்பிப் பார்த்தது.

முத்துசெல்வி தன் பிள்ளையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"வைட்டமின்தான்" என்றாள். "எம் பிள்ளைக்கும் அதுதான் கொடுக்காவ. வேணும்னா எங்க அத்தைகிட்ட கேளு."

உலகம்மை ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஜாய் முத்துசெல்வியின் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, பாலாடையைப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.