கீழ்த்தளத்து வீடு

ஒரு மனையில் கட்டடம் கட்டலாம் என்று கையெழுத்துப் போடும் நீர் ஆய்வாளர், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு பத்து வருடம் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வாடகை கிடையாது. ஆய்வாளரின் கணவனோ மனைவியோ, அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்த மனையில் ஆய்வாளர் மங்கையர்க்கரசி துளை போட்டுப் பார்த்தபோது சித்திரை வெயிலிலும் இரண்டடியில் தண்ணீர் நின்றது. முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"பரவாயில்லை மேடம், இருதயராஜ் ஒத்துக்கிட்டார்" என்றார் கட்டடக் கம்பெனி மேலாளர்.

இருதயராஜ் அவளோடு வேலை பார்ப்பவன்; அவனும் நீர் ஆய்வாளர்தான். மனைவி அமலியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு மனைக்கே வந்திருந்தான். மங்கையர்க்கரசி அவனை ஓரமாக இழுத்துப் போனாள்.

"மழை பெஞ்சா ஜன்னல் வரைக்கும் ஏறும், தம்பி."

"தெரியும்க்கா. நானும் அளந்து பார்த்தேன்." அவன் தரையைப் பார்த்தான். "நாலு வருஷத்துல ஒன்பது வீடு மாறிட்டோம். இப்ப இருக்கிறதையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

இவனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் அமலியிடம் ஓடினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நெஞ்சு உயரம் தண்ணீர் வரும் என்று அவள் சொன்னதை அமலி கடைசிவரை கேட்டாள். மேலாளர் பேனாவை நீட்டினார். பேனாவை வாங்கவே மாட்டாள் என்று மங்கையர்க்கரசி நம்பினாள்.

"கட்டி முடிக்க எத்தனை நாளாகும்?" என்று அமலி கேட்டாள்.

"ரெண்டு வருஷம்மா."

"அதுக்குள்ள பாப்பாவுக்கு நீச்சல் கத்துக்கொடுத்திடலாம்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.