எரிக்குக்காக ஒரு கையெழுத்து

டாக்குமெண்டரி முடிந்து லைட் போட்டபோது எங்கள் அப்பார்ட்மெண்ட் ஹாலில் அழாத ஆள் ஒருவர்தான். கோவிந்தப்பா.

படம் எங்கள் எரிக்கைப் பற்றியது. முப்பது வருஷம் ராக் கிதார் வாசித்த மனுஷன், போன ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். அவருடைய மொட்டைமாடி ரூமில் இப்போது சிஷ்யர்கள் நாலு பேர் வாசிக்கிறார்கள். நாளைக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லி அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

"லெஜண்ட்!" என்று மூக்கைச் சிந்தினார் செக்ரட்டரி பார்கவி மேடம்.

"நம்ம பில்டிங்குக்கே பெருமை," என்றார் ஜாய்சன்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "அவர் கிதார் கேட்டாதான் எனக்குப் பொழுதே விடியும்," என்று ஒரு போடு போட்டேன்.

கன்னடக்காரர் கோவிந்தப்பா கொட்டாவி விட்டார். "ஏன்ரீ இது, என்ன படம்? படம் பூரா ஒரே சத்தம். ரெண்டாவது பாட்டுல தாளம் வேற இழுக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிக் ரூமுக்கு நேர் கீழ் வீடு இவருடையது. எரிக் இருந்தபோதே தினமும் மாடி ஏறிப் போய்க் கத்துவார். செத்தவரையுமா விடமாட்டார்? அதுவும் அவர் மனைவி எதிரிலேயே!

"கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேணும் சார்," என்றேன்.

எரிக்கின் மனைவி டோரதி ஆன்ட்டி எழுந்து வந்தார். ஒரு நோட்டை நீட்டினார். "எரிக்குக்காக எல்லாரும் ஒரு கையெழுத்து போடுங்க, ப்ளீஸ்."

சர்ச்சில் வைப்பார்களே, அந்த மாதிரி அஞ்சலி நோட்டு என்று நினைத்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆளாளுக்குப் போட்டோம். நான் பக்கத்தில் ஒரு ஹார்ட் வேறு வரைந்தேன்.

கோவிந்தப்பா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திருப்பி உரக்கப் படித்தார்.

"எரிக்கின் மாணவர்கள் தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை மாடி ரூமில் வாசிக்கச் சம்மதிக்கிறோம்."

எல்லார் கையும் பேனாவைத் தேடியது.

"ஐயையோ, என் பையனுக்குப் பத்தாவது!" என்று நான்தான் முதலில் பாய்ந்து என் கையெழுத்தை அடித்தேன். ஹார்ட்டையும் சேர்த்து.

"எனக்கு மைக்ரேன்," என்றார் பார்கவி மேடம்.

"ஆறு மணிக்கு எங்க வீட்டுல ஜெபம்," என்றார் ஜாய்சன்.

ஒரு பேர் மிஞ்சவில்லை. டோரதி ஆன்ட்டி நோட்டை மூடப் போனார்.

"ஸாரி ஆன்ட்டி," என்றார் பார்கவி மேடம். "ரூல்ஸ்படி நேர் கீழ் வீட்டுக்காரர் சம்மதிச்சாலே போதும்தான். ஆனா நம்ம சாரைப் பத்தித் தெரியுமே..."

சொல்லி முடிப்பதற்குள் கோவிந்தப்பா பேனாவைப் பிடுங்கி, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சார், நீங்கதானே சத்தம் சத்தம்னு..." என்று இழுத்தேன்.

"சத்தம்னு சொன்னேன். என்னிக்காவது நிறுத்துன்னு சொன்னேனா? தாளத்தைச் சரியாப் போடுன்னு சொல்லத்தான்யா தினமும் மாடி ஏறினேன்!"