குளியல் தொட்டிக்குப் போகும் மீன்

கால்வாய்க்கரையில் நான், நைட் ஷிப்ட் முடித்து வந்த ஓஸ்வால்டோ, பின்வாசலில் காப்பிக் கோப்பையோடு அவன் மனைவி மிக்தாலியா, தண்ணீரில் ஒரு மீன். எப்போதும் வெக்கையாக இருக்கும் ஹையலியா ஊரில் இரண்டு நாளாகக் கடுங்குளிர். மரத்திலிருந்து விறைத்து விழுந்த இகுவானா என்ற பெரிய ஓணான் வேலியோரம் அப்படியே கிடக்கிறது. காலை வெயிலில் வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது, சூடு இல்லை. அந்த வெளிச்சத்தில் மீன், மயில் பாஸ் என்ற வகை, ஒருக்களித்து மிதக்கிறது. வாலிலுள்ள கறுப்பு வட்டம் வானத்தைப் பார்க்கிறது. பகலில் மட்டுமே தூண்டிலைக் கடிக்கும் மீன். நான்கு மாதமாக ஓஸ்வால்டோவின் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஓடியது இதுதான். அவனுடைய முள் அதன் உதட்டில் துருவேறித் தொங்குகிறது. குளிர் தாங்காத சாதி, மதியத்துக்குள் செத்துவிடும்.

"கையாலயே அள்ளிரலாம்டா," என்கிறேன்.

"சாகப்போறத அள்ளுறதுக்கா நாலு மாசம் தூங்காம நின்னேன்?" வாளியை முக்கி மீனைத் தூக்குகிறான். இரவெல்லாம் பெட்டி தூக்கிய கைகள் சிவந்து காய்த்திருக்கின்றன. போன மாதம் அதே வேலையை விடும்வரை என் கைகளும் இப்படித்தான் இருந்தன.

மிக்தாலியா படியிறங்கி வருகிறாள். "எண்ணெய் காய வைக்கட்டுமா?"

"குளிக்கிற தொட்டியில வெதுவெதுன்னு தண்ணி பிடி. குளிர் போனதும் கால்வாயில விட்டு மறுபடி பிடிப்பேன்."

"பைத்தியமா உனக்கு? நான் குளிச்சிட்டு வேலைக்குப் போகணும். தொட்டியில விட்டுட்டு நீ தூங்கு, முழிக்கும்போது அது வாணலியில இருக்கும்."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு படியேறுகிறான். தண்ணீர் சிந்தச் சிந்த அவளைக் கடந்து உள்ளே போகிறான். பின்வாசல் கதவைச் சாத்துகிறான். அவள் கோப்பையோடு திரும்புவதற்குள் தாழ்ப்பாள் விழுகிறது, பிறகு சாவியும் திரும்புகிறது.