ஜாம் போத்தலில் குளவி

ஜாம் போத்தலைக் கவிழ்த்துத் தன் கைமேல் அழுத்துகிறான் லோஜன். உள்ளே உயிருள்ள குளவி மோதி மோதி இரைகிறது. அதற்கும் அவன் தோலுக்கும் நடுவே இருப்பது யட்டியாந்தோட்டை பஜாரில் வாங்கிய மழைக்கோட்டு மட்டும். தோட்டத்து லய வீட்டு வாசலில் வெயில் கொதிக்கிறது. எதிர்மலை மரத்தில் குளவிக்கூடு கறுத்துத் தொங்குகிறது. அதை எடுக்க ஆள் வந்தபாடில்லை. நாளைக்கு அவன் மனைவி டிலானி அதன் அடியில்தான் தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும். அவள் எதைப் போட்டுக்கொண்டால் கொடுக்கு இறங்காது என்று பார்க்கிறார்கள். "ஸ்ஸ்... ஏறிருச்சு!" கையில் சிவப்பாக ஒரு தடிப்பு. "உரச்சாக்க வச்சிப் பாருங்க," என்கிறாள் டிலானி. சாக்கின் இழைச் சந்தில் கொடுக்கு இன்னும் சுலபமாக இறங்குகிறது. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணியும் தாங்கவில்லை. "இனி உன் கைய நீட்டு புள்ள. எல்லாத்தையும் நானே வாங்கிக்கவா?" என்று சிரிக்கிறான். டிலானி சிரிக்கவில்லை, சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். பிறகு பழைய மெத்தையைக் கிழித்து, ஸ்பொஞ்சை எடுத்துப் படங்குக்கு அடியில் செருகுகிறாள். போத்தல் மறுபடி கவிழ்கிறது. குளவி வயிற்றை வளைத்துக் குத்துகிறது. திரும்பவும் குத்துகிறது. லோஜன் பல்லைக் கடித்துக் காத்திருக்கிறான். வலியே இல்லை. கொடுக்கு ஸ்பொஞ்சைத் தாண்டவில்லை. "இதான் சரி! முதுகுக்கும் தோளுக்கும் தச்சிருவோம்." "கழுத்துக்கும் வேணுங்க. தலைக்கும்." "சந்திரனுக்கா போற? ஒண்ணு ரெண்டு கொட்டினா சுண்ணாம்பு தடவிக்க." டிலானி மிச்ச ஸ்பொஞ்சைத் தன் கழுத்தில் சுற்றிப் பிடிக்கிறாள். "போன மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேனே, அது காய்ச்சல் இல்லங்க. சொன்னா மலைக்கு விடமாட்டீங்கன்னு மறைச்சிட்டேன். கொட்டினது ஒரே ஒரு குளவிதான். இன்னொன்னு கொட்டினா உசுரு தங்காதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."