பேழைப் பூங்காவில் காகத்தின் இடம்

காட்டில் கேளிக்கைப் பூங்கா கட்டுவது என்று முடிவானதும், பெருவெள்ளத்தில் உயிர்களைக் காத்த கப்பலான நோவாவின் பேழைக்கென்று அதில் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். வரைபடம் போடும் வேலை ஆமைக்கு வந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்துவிட்டு, அது காகத்தையும் புறாவையும் கூப்பிட்டுக் காட்டியது.

படத்தில் பேழையின் உச்சியில், வாயில் ஒலிவ இலையோடு, இருபதடி உயரப் புறாச் சிலை நின்றது.

"நான் எங்கே?" என்றது காகம்.

"பொறு காக்கா, வரிசையாத்தானே வரணும்," என்றது ஆமை.

காகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வரிசையா? வெள்ளம் வடிஞ்சுதான்னு பார்க்க நோவா முதல்ல அனுப்பினது யாரை? எங்க பூட்டனை! இவங்க ஆளு அப்புறம்தானே கிளம்பினாங்க?"

"உங்க பூட்டனார் ஒண்ணும் கொண்டுவரலையே அண்ணே," என்றது புறா, ரொம்பப் பணிவாக.

"சுத்திலும் தண்ணி, எதைக் கொண்டுவருவார்? நாள் முழுக்கப் பறந்தாரே, அது கணக்கில்லையா? ஒரு இலையைக் கவ்விக் காட்டினாத்தான் வேலையா?"

"கத்தாதே. உனக்கு வாசல்லயே இடம்," என்று ஆமை படத்தின் ஓரத்தைக் காட்டியது.

அங்கே காக வடிவத்தில் ஒரு குப்பைத்தொட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வயிற்றில் 'என்னைப் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தது.

காகம் போட்ட கூச்சலில் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. தொண்டை வறண்ட பிறகுதான் காகம் படத்தை மறுபடி பார்த்தது. தொட்டியை ஒட்டி ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது.

"இதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்," என்றது, குரலை இறக்கி. "மூடி போடாம விட்டா, வேணும்னா யோசிக்கலாம்."