மீனுக்கு மட்டும்

“அரைக் கிலோ எறாவும் அந்த ஒத்த மீனுக்காடி?”

அமலிக்கு வயிறு எரிந்தது. சோமனூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து மகளைப் பார்க்க வந்தவளுக்குக் கிடைத்தது ரசமும் சுட்ட அப்பளமும். கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் மிட்டாதாரராட்டம் மிதந்துகொண்டிருந்த மீனுக்கு எறா!

மகள் ஷைலா எறாவின் ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவி, மஞ்சள்தூள் போட்டுப் பிசறுவதிலேயே குறியாக இருந்தாள்.

அமலி போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பைக் சிக்லிட் என்று மகள் பேர் சொல்லியிருந்தாள். ஒரு சாணுக்கு மேல் நீளம், வாலடியில் கண் வரைந்தாற்போல ஒரு கரும்புள்ளி, முறத்தைப் பிளந்த மாதிரி வாய். கூட விட்ட மீனையெல்லாம் முழுங்கிவிடுமாம். அதனால் தனிக்குடித்தனம்.

காலிங் பெல் அடித்தது. வாசலில் வீட்டுக்காரர் தண்டபாணி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு.

கோயமுத்தூரில் மகள் இந்த வீட்டைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன இடத்திலெல்லாம் பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். பிறகு ‘சைவம் மட்டும்’ என்று கதவைச் சாத்தினார்கள். அமலியின் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் ஷைலா. எந்தக் கதவும் அதைக் கேட்கவில்லை. மாடி வெகுநாள் பூட்டிக் கிடந்ததால் தண்டபாணி மட்டும் இறங்கி வந்தார். அசைவம் படியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சாவி கொடுத்தார்.

“என்னுங்க அம்மணி, படியெல்லாம் ஒரே கவுச்சி?”

“எறாங்க” என்று உள்ளேயிருந்தே சொன்னாள் ஷைலா.

பொய் சொல்லக்கூடத் தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டோமே என்று அமலி நொந்துகொண்டாள்.

“நம்ம பேச்சு என்னுங்க? இந்த மாசத்தோட காலி பண்ணிப்போடுங்க.”

“தொட்டியில இருக்கற மீன் திங்கறதுக்கு நான் காலி பண்ணோணுங்களா? சாம்பார் ஊத்துனா அது குடிக்குங்களா?”

“அப்ப மீனக் கொண்டுபோயி சிங்காநல்லூர்க் குளத்துல விட்டுப்போடுங்க.”

“விட்டா அங்க இருக்கற குஞ்சு குளுவானையெல்லாம் முழுங்கிப்போடுங்க. அந்தப் பாவத்த ஆரு செமக்கறது, நீங்களா?”

“வேற ஏதாச்சும் தீனி குடுத்துப் பழக்குங்க.”

“இதோட சாதியே கறி திங்கற சாதிங்க. பொறப்பப் பாத்துத்தானுங்க ஊடே குடுக்கறீங்க? இதோட பொறப்பையும் பாருங்க.” ஷைலா கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்து நின்றாள். “பட்டினி போட்டுக் கொல்லுன்னு சொல்லுங்க, கொன்னுபோடறேன். சைவக்காரரு உங்க வாயால சொல்லோணும்.”

தண்டபாணியின் கை தானாக நெற்றித் திருநீற்றுக்குப் போனது. ஆனாலும் விட மனசில்லை. உள்ளே வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

“மீனுக்குப் போடறதுக்கு மஞ்சள் எதுக்குங்க?”

“கிருமி சாகறதுக்குங்க.”

“திங்குதான்னு நான் என் கண்ணால பாக்கோணும்.”

இன்னும் மஞ்சள் படாமல் கிடந்த ஓர் எறாவைப் பொறுக்கி ஷைலா தொட்டிக்குள் போட்டாள். மீன் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குள் புதிதாக வந்தவனைப் பார்ப்பதுபோல் எறாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. அமலி மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

சடாரென்று ஒரு கவ்வு. தெறித்த தண்ணீர் தண்டபாணியின் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

“அட சாமி!” அவர் வாசல்வரை பின்வாங்கினார். “செரி செரி, உசுரு சமாச்சாரம். மீனுக்கு மட்டும் வாங்கிக்கங்க.”

“தெனமும் பச்சையாப் போட்டா தொட்டித் தண்ணி கெட்டுப்போகுங்க. அவிச்சுத்தான் போடோணும். வாசம் வரும். அப்பறம் வந்து பெல் அடிக்கப்படாது.”

“ஜன்னலச் சாத்திக்கிட்டு அவிச்சுக்கங்க அம்மணி.”

“சாத்த மாட்டேனுங்க. ஜன்னலுக்குஞ் சேத்துத்தான் வாடகை குடுக்கறேன்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று அமலி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தண்டபாணி படியில் பாதி தூரம் இறங்கியிருந்தார். “ரெண்டெழுத்துப் படிச்சுப்போட்டா பேசி மாள முடியறதில்ல” என்ற முனகல் மட்டும் மேலே வந்தது.

கதவைச் சாத்தியதும் அமலி வெடித்தாள். “ஏன் புள்ள, உனக்குக் கிறுக்கா? ஒரு மீனுக்காக ஊட்டையே எழக்கப் பாத்தியே! அவன் மனசு மாறி மறுக்கா வாரதுக்குள்ள அவிச்சு அதுக்குப் போட்டுத் தொல.”

ஷைலா அசரவில்லை. வீட்டிலிருந்த ஜன்னலையெல்லாம் விரியத் திறந்தாள். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். அந்தச் சத்தத்துக்கே மீன் அலறியடித்துக்கொண்டு மேலே வந்தது. அவள் தூவிய காய்ந்த குச்சித் தீனியைப் பொறுக்கித் தின்றுவிட்டு, போதும் என்பதுபோல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அமலி தொட்டியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். “அப்ப அந்த எறா?”

ஷைலா வாணலியை அடுப்பில் வைத்து எண்ணெயை ஊற்றினாள்.

“மீனுக்குக் குட்டியில இருந்தே டப்பாத் தீனிதாம்மா. நீ வெங்காயத்த உரி!”